வெயில் நாளிலும் கார்புரேட்டரில் பனி பிடிக்கும்

சிறிய விமானம் ஓட்டப் பழகுபவர்கள் பலர் பனியைக் குளிர்கால ஆபத்தாகவே நினைக்கிறார்கள். காற்றையும் எரிபொருளையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள எஞ்சினுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எரிபொருள் ஆவியாவதாலும், குறுகிய வழியில் காற்று விரிவதாலும் உள்ளே வெப்பநிலை 30 டிகிரிக்கு மேல்கூடச் சரியலாம். வெளியே 25 டிகிரி வெயில் அடித்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் போதும்.

அறிகுறி சத்தமில்லாமல் வரும். இதழ்களின் கோணம் மாறாத புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மெல்லக் குறையும். நாமோ யோசிக்காமல் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டிவிடுவோம்! அங்கேதான் ஏமாறுகிறோம். காரணமில்லாமல் ஆர்.பி.எம். இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பனியை.

உடனே கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கைப்பிடியை, முழுவதுமாக இழுங்கள். பாதி இழுப்பது சில சமயம் நிலைமையை மோசமாக்கும். இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் இறங்கும். பனி உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போவதால் அது இருமும், உதறும். பயந்துபோய் மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள். பொறுத்திருந்தால் ஆர்.பி.எம். தானாக ஏறும்.

இறங்கும்போது பவரைக் குறைப்பதற்கு முன்பே கார்ப் ஹீட்டைப் போட்டுவிடுவது பல விமானங்களில் வழக்கம்; உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதே முடிவு. தரையில் மட்டும் சோதித்ததும் அணைத்துவிடுங்கள், அந்தச் சூடான காற்று பெரும்பாலும் ஃபில்டர் வழியாக வருவதில்லை. தூசி நேரே எஞ்சினுக்குள் போகும்.