பிரிட்டனில் பெற்றோரின் முதுமைப் பராமரிப்பு: பணமும் பத்திரமும்

பிரிட்டனுக்கு வந்து இறங்கியதும் நம்மவர்கள் விசாரிப்பது வாடகை, பிள்ளைகளின் பள்ளி, அரிசிக் கடை. அப்பா அம்மாவுக்கு முடியாமல் போனால் செலவு யாருடையது என்ற கேள்வி பல ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் மருத்துவமனை வார்டில்தான் எழுகிறது. அப்போது கையெழுத்துப் போடவேண்டியவர் போடும் நிலையில் இருப்பதில்லை.

என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் மருத்துவம் இலவசம்தான். ஆனால் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் பெரும்பாலும் மருத்துவக் கணக்கில் வருவதில்லை. அவை உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் பொறுப்பு. கவுன்சிலோ சொத்தைப் பார்த்துவிட்டுத்தான் கைகொடுக்கும். இங்கிலாந்தில் ஒருவரிடம் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்போ சொத்தோ இருந்தால் முழுச் செலவும் அவருடையது. 14,250க்குக் கீழே போனால் சேமிப்பைத் தொட மாட்டார்கள், வருமானத்தில் மட்டும் பங்கு கேட்பார்கள். 2010 முதல் இந்த வரம்புகள் நகரவே இல்லை. வாழ்நாள் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2024 ஜூலையில் புதிய அரசு அதையும் கைவிட்டது. நர்சிங் வசதியுள்ள முதியோர் இல்லம் என்றால் வாரத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது இன்று சாதாரணம். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் விதிகள் வேறு.

சொந்த வீட்டில் இருந்தபடி உதவி பெறும்வரை அந்த வீடு கணக்கில் வராது. நிரந்தரமாக முதியோர் இல்லத்துக்குப் போனால்தான் வரும். அப்போதும் கணவனோ மனைவியோ, 60 வயதைத் தொட்ட உறவினரோ, உடல் இயலாத உறவினரோ முன்பிருந்தே அங்கே குடியிருந்தால் விட்டுவிடுவார்கள். நம் குடும்பங்களில் சிக்கல் இங்கேதான். அம்மாவின் பெயரில் வீடு, அதில் 45 வயது மகன் மனைவி மக்களோடு இருக்கிறார் என்றால் சட்டம் தானாக விலக்குத் தராது. கவுன்சில் மனம் வைத்தால் உண்டு. உடனே விற்றுத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. மற்ற சேமிப்பு அந்த 23,250 வரம்புக்குள் இருந்தால், முதல் 12 வாரங்களுக்கு வீட்டின் மதிப்பைச் சேர்க்க மாட்டார்கள். அதன்பின் கவுன்சில் வீட்டை ஈடாக வைத்துக் கட்டணத்தைக் கட்டி, பிறகு வட்டியோடு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது.

கோயில் மண்டபத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: ‘வீட்டை இப்போதே பிள்ளை பெயருக்கு எழுதிவிடுங்கள், ஏழு ஆண்டு கடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.’ அந்த ஏழு ஆண்டு வாரிசுரிமை வரிக்கான கணக்கு. பராமரிப்புச் செலவைத் தவிர்க்கத்தான் எழுதிக் கொடுத்தார்கள் என்று கவுன்சில் கருதினால், எத்தனை ஆண்டு பின்னோக்கியும் போகலாம். சொத்து இன்னும் கையில் இருப்பதாகவே கணக்கிடும். போதாததற்கு, பிள்ளைக்கு மணமுறிவோ கடனோ வந்தால் அந்த வீடும் சேர்ந்து போகும். தம்பதியின் கூட்டு வீடாக இருந்தால், பங்குகளைத் தனித்தனியாகப் பதிந்து, அவரவர் பாதியைப் பிள்ளைகளுக்கு உயில் எழுதலாமா என்று சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) கேளுங்கள். அது ஒளிவுமறைவில்லாத வழி.

எனக்கு வீட்டைவிடப் பெரிய கவலை கையெழுத்து அதிகாரம்தான். இங்கே கணவனானாலும் மகளானாலும், மனத்தெளிவு இழந்தவருக்காகத் தானாகக் கையெழுத்துப் போட முடியாது. கூட்டுக் கணக்கைக்கூட வங்கி முடக்கிவைக்கலாம். இதற்கென இருப்பது ‘லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி’: மனத்தெளிவு இருக்கும்போதே, தன் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தை நம்பிக்கையானவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். பணம், சொத்துக்கு ஒன்று. உடல்நலம், பராமரிப்புக்கு ஒன்று. இரண்டையும் எழுதுங்கள். முதலில் பெற்றோர், அடுத்து அவர் புரிந்துதான் செய்கிறார் என்று சான்றளிப்பவர், அதன்பின் அதிகாரம் பெறும் பிள்ளைகள் என்ற வரிசையில் கையெழுத்து விழவேண்டும். தேதி முன்பின்னாக இருந்தால் படிவம் திரும்பி வந்துவிடும். சான்றளிப்பவர் குடும்பத்தாராக இருக்கக்கூடாது. இரண்டு ஆண்டுகளாவது பழகிய நண்பர் போதும். இதைத் தள்ளிப்போட்டால் பிறகு நீதிமன்றம் போய்த்தான் அதிகாரம் வாங்கவேண்டும். செலவும் காலமும் பல மடங்கு.

ஊரிலிருந்து பெற்றோரை நிரந்தரமாக அழைத்துவரும் விசா 2012க்குப் பிறகு குதிரைக்கொம்பு. கிடைத்தாலும், ஐந்து ஆண்டுகளுக்கு அவர்களுடைய உணவு, உறைவிடம், பராமரிப்பு அனைத்தையும் ஏற்பதாக நீங்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். அதுவரை அரசு உதவித்தொகை கிடையாது.

அந்தத் தடை இல்லாதவர்கள் ‘அட்டென்டன்ஸ் அலவன்ஸ்’ என்ற அரசு உதவித்தொகையைக் கேட்கலாம். ஓய்வூதிய வயதைத் தொட்டு, ஆறு மாதமாகப் பிறர் உதவி தேவைப்படுபவருக்கு இது கிடைக்கும். சொத்தோ வருமானமோ பார்ப்பதில்லை. 2025-26இல் வாரத்துக்கு 73.90 அல்லது 110.40 பவுண்டு. நோய் மிகக் கடுமையாகி மருத்துவத் தேவையே முதன்மை என்று மதிப்பீட்டில் முடிவானால், பராமரிப்புச் செலவு முழுவதையும் என்.எச்.எஸ். ஏற்கும் திட்டமும் இருக்கிறது. யாரும் தேடிவந்து சொல்ல மாட்டார்கள். மருத்துவமனையிலிருந்து அனுப்புவதற்கு முன் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

பராமரிப்புத் தேவையை மதிப்பிட வரும் அதிகாரியைக் கண்டதும் நம் அம்மாக்கள் நல்ல சேலை உடுத்தி, ‘எனக்கு ஒரு குறையும் இல்லை, நானே எல்லாம் செய்துகொள்வேன்’ என்று சொல்லித் தேநீர் போட எழுந்துவிடுவார்கள். அதிகாரி அதையே எழுதிக்கொண்டு போவார். மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். இரவில் எத்தனை முறை எழுப்புகிறார், எப்போது விழுந்தார் என்று இரண்டு வாரக் குறிப்பெழுதிக் கையில் கொடுங்கள்.

சென்னையில் ஃபிளாட்டோ யாழ்ப்பாணத்தில் காணியோ பெற்றோர் பெயரில் இருந்தால் அதுவும் கவுன்சிலின் சொத்துக் கணக்கில் சேரும், மறைத்தால் சிக்கல். இங்கே எழுதிய பவர் பத்திரம் அங்கே சார்பதிவாளர் முன் செல்லும் என்று எண்ணவேண்டாம். ஊரில் எழுதிய பவர் பத்திரமோ, எழுதியவர் மனத்தெளிவு இழந்தால் இந்தியச் சட்டப்படி செத்துவிடும். விற்கவோ பாகம் பிரிக்கவோ வேண்டிய சொத்திருந்தால், அவரால் விமானம் ஏற முடிகிற காலத்திலேயே சொலிசிட்டரைக் கேட்டுவிட்டு ஊருக்கு அழைத்துப்போய் முடித்துவிடுங்கள்.