கணக்கைக் கார்டாக்கிக் கெட்ட கதை

என்னிடம் வேதியியல் டியூஷனுக்கு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகள் சிலர் இப்போது ஆங்கி செயலியில் கார்டு போட்டுப் படிக்கிறார்கள். கார்டின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை; எதை என்றைக்குத் திரும்பக் காட்டுவது என்பதைச் செயலியே முடிவு செய்யும். நல்ல விஷயம்தான். ஆனால் கார்டுகளை வாங்கிப் பார்த்தால், நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது நான் அடித்த அதே கூத்து. ஒரே நாளில் நூறு கார்டு சேர்ப்பது, நாலு நாள் திறக்காமல் விடுவது எல்லாம் பட்டால் தானே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணக்கையே கார்டாக்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. என் கார்டின் முன்பக்கம்: '28 கிராம் நைட்ரஜன், 3 கிராம் ஹைட்ரஜன். அம்மோனியா எவ்வளவு?' பின்பக்கம்: 17 கிராம். ஐந்தாறு முறை வந்தபின் 28 கண்ணில் பட்டதுமே வாய் 17 என்றது. செயலியும் எனக்குப் பாடம் வந்துவிட்டதாக நம்பி, கார்டை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டது.

தேர்வில் 7 கிராம் நைட்ரஜன், 3 கிராம் ஹைட்ரஜன் கொடுத்திருந்தார்கள். ஹைட்ரஜன்தானே முதலில் தீரும்? அதை வைத்தே போட்டு 17 என்று எழுதிவிட்டு வந்தேன். மொத்தமே 10 கிராம் பொருள். அதில் 17 கிராம் அம்மோனியா எடுத்திருக்கிறேன்! இங்கே முதலில் தீர்வது நைட்ரஜன். விடை 8.5.

இப்படி இடைவெளி விட்டுப் படிக்கும் முறைக்கு வேராக, ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்ட மறதி ஆய்வைச் சொல்வார்கள். அதில் அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. அசை நாளைக்கும் அதே அசைதான். கணக்கில் எண் மாறினால் வழியே மாறும்.

இப்போது இரண்டு வகைக் கார்டுதான் போடச் சொல்கிறேன். ஒன்று, 'இரண்டு பொருளின் எடையும் கொடுத்தால் என்ன செய்வாய்?' எடையை மோலாக்கு (மூலக்கூறு எடையால் வகுத்தால் மோல்), சமன்பாட்டில் அந்தப் பொருளுக்கு முன்னுள்ள எண்ணால் வகு, சிறியது எதுவோ அதுதான் முதலில் தீரும். இரண்டாவதில் எண்ணே கிடையாது: 'இதுவரை போடாத ஒரு லிமிட்டிங் ரியேஜென்ட் (முதலில் தீரும் பொருள்) கணக்கைப் போடு.' தேதியை மட்டும் செயலி பார்த்துக்கொள்ளட்டும். கூட்டலில் சறுக்கினால் போகட்டும்; எது தீரும் என்பதில் சறுக்கினால் கார்டைச் சீக்கிரமே திரும்பக் கொண்டுவரும் 'அகெய்ன்' பொத்தானைத் தயங்காமல் அழுத்துங்கள்.

மனக்கணக்காகப் போட்டுவிட்டுத் திருப்புவது

பேனா எடுங்கள்.

அடுத்தவர் கார்டு

அணு எடை, அயனிப் பெயர்களுக்குச் சரி. கணக்குக்கு வேண்டாம்.

புரியுமுன் கார்டு போடுவது

ஒரு பையன் மேலே சொன்ன மூன்று படிகளையும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தான். போடச் சொன்னால், சமன்பாட்டைச் சமன் செய்யாமலே இரண்டையும் ஒன்றால் வகுத்துக்கொண்டிருந்தான். கார்டைக் கொஞ்ச நாள் மூடிவைக்கச் சொல்லி, மோலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம்.