லேசர் லாக் ஆகிவிட்டது, சரி, எந்த அதிர்வெண்ணில்?

லேசரின் அதிர்வெண்ணை ஓர் அணுக்கோட்டில் பிடித்து நிறுத்துவதே லாக். ஆசிலோஸ்கோப்பில் எரர் சிக்னல் (லேசர் எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டுவது) தட்டையாக நின்றதுமே லேசர் நிலைத்துவிட்டதாகப் பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். விலகலைத் திருத்தும் சுற்றான சர்வோ தன் உள்ளீட்டைச் சுழியாக்கிவிட்டது என்பதற்கு மேல் அந்தக் கோடு எதுவும் சொல்வதில்லை. சிக்னலின் சுழிப்புள்ளி நகர்ந்தால் லேசரும் கூடவே நகரும். கோடு அப்போதும் தட்டையாகத்தான் இருக்கும்.

ருபிடிய ஆவி நிரப்பிய கண்ணாடிச் செல்லில் ஒளியைச் செலுத்தி, ருபிடியம் உறிஞ்சும் 780 நானோமீட்டர் கோட்டில் லாக் செய்யும்போது முதல் சறுக்கல், உச்சத்தை மாற்றிப் பிடிப்பது. ருபிடியம்-87இன் எஃப்=2 தொகுதியில் (எஃப் என்பது அணுவின் ஆற்றல் நிலையைக் குறிக்கும் எண்) ஓங்கி நிற்பது பெரும்பாலும் கிராஸ்ஓவர், அதாவது இரண்டு கோடுகளுக்கு நடுவே எழும் போலி உச்சம். அது எஃப்′=3 கோட்டுக்கு 133 மெகாஹெர்ட்ஸ் கீழே இருக்கிறது. கோட்டின் இயல்பான அகலமே 6 மெகாஹெர்ட்ஸ்தான்; பிழை எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேனை அகலமாக வைத்து, உச்சங்களின் இடைவெளியை அளந்த பிறகே லாக் செய்யுங்கள்.

சுழிப்புள்ளி நகர்வதற்குக் காரணங்கள் பல. அணுக்களின் ஓட்டத்தால் சிக்னலுக்கு அடியில் வரும் டாப்ளர் சரிவைக் கழிக்காமல் விடுவது ஒன்று. கரண்டை அசைத்து மாடுலேட் செய்யும்போது ஒளியின் திறனும் சேர்ந்து ஆடுவது இன்னொன்று. செல்லின் சன்னல்கள் கதிருக்குச் செங்குத்தாக இருந்தால் எதிரொளி குறுக்கிட்டு வரிவரியாக அலை எழும். செல்லைச் சில டிகிரி சாய்த்தாலே போதும். செல்லில் எதிர்த்திசையில் செல்லும் வலுவான பம்ப் கதிரைக் கூட்டினால் சிக்னல் பெரிதாகும் என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள், கோடு அகன்றுவிடும்.

டிஎஃப்பி வகை லேசர் டயோடின் அதிர்வெண், வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் ஏறத்தாழ 30 கிகாஹெர்ட்ஸ் நகரும். ஒரு மில்லிடிகிரி என்றாலும் 30 மெகாஹெர்ட்ஸ். காரைக்குடியின் கத்திரி வெயிலில் ஏசி கம்ப்ரசர் ஓடி நிற்கும் ஒவ்வொரு சுற்றும் இதில் தெரியும். காற்று நேரே படாதபடி லேசரைப் பெட்டிக்குள் மூடி வையுங்கள். ஐப்பசி அடைமழையில் சிக்கல் வேறு. அறை 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 25 டிகிரியிலேயே நீர் படியத் தொடங்கும். டயோடை 18 டிகிரிக்குக் குளிர்வித்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். காற்றுப்புகாத உறையும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

அலைநீளத்தை அளக்கும் வேவ்மீட்டர் காட்டுவது காற்றிலா வெற்றிடத்திலா என்று பாருங்கள். 780.241 நானோமீட்டர் என்பது வெற்றிட மதிப்பு, காற்றில் 780.03. குழப்பிக்கொண்டால் 100 கிகாஹெர்ட்ஸ் தள்ளித் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நிலைத்தன்மையை அளக்க, தனியாக லாக் செய்த இரண்டாவது லேசருடன் பீட் (இரண்டின் அதிர்வெண் வேறுபாடு) எடுத்துக் கவுன்ட்டரில் பதியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி அமைப்பு என்றால் ஒரே தவறும் இரண்டிலும் ஒளிந்திருக்கும். ஒன்றின் பம்ப் திறனை மட்டும் பாதியாக்குங்கள். பீட் நகர்ந்தால், சுழிப்புள்ளி இன்னும் திறனைச் சார்ந்தே இருக்கிறது.