விஷம் சாப்பிட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் முன்

அணைக்கட்டுப் பக்கம் 22 வருஷம் கிராம செவிலியராக இருந்தேன். விஷம் என்றதும் உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல் என்று எதையாவது வாயில் ஊற்றுவார்கள். வேண்டாம். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

பூச்சிமருந்து என்றால் பெரும்பாலும் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நனைந்த துணியைக் கழற்றி, அவர் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையுறை இல்லையா, பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்.

எனக்குப் பயம் தருபவை மூன்று: ஒடுவந்தழை என்ற விஷ இலை, எலியைக் கொல்லும் பேஸ்ட், அளவு மீறிய பாராசிட்டமால். முதல் நாள் ஆள் நன்றாகப் பேசுவார், இட்லிகூடச் சாப்பிடுவார். "சரியாப் போச்சு சிஸ்டர்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். தழையால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயம் தடுமாறும். மற்ற இரண்டிலும் அப்புறம்தான் கல்லீரல் கெடும். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற விஷமுறிவு மருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் போட்டால் நன்றாகக் கேட்கும்.

பாட்டில், மாத்திரை அட்டை, மிச்சத் தழை எது கிடைத்தாலும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, இதுதான் அவருக்கு வேண்டும்.