சமுதாய வானொலிக் குழுவுக்கு நிற்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

காரைக்குடிப் பக்கம் கோயில் திருப்பணிக் கமிட்டி, படிப்பகம், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று எதற்குத் தேர்தல் வந்தாலும் நம் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அனுபவத்துக்குக் குறைவில்லை. ஆனால் சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்காகக் கல்வி நிறுவனமோ தொண்டு அமைப்போ நடத்தும் சிறிய எஃப்எம் நிலையம், அதன் நிர்வாகக் குழுத் தேர்தலில் அந்த அனுபவமே காலை வாரிவிடுகிறது. வார்டு தேர்தல் மாதிரி நினைத்து நிற்கிறவர்கள் ஒரு பக்கம். குழுவுக்குள் போய்விட்டால் மைக் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இன்னொரு பக்கம். மைக் மீது ஆசை என்றால் தேர்தலே வேண்டாம், நிலையப் பொறுப்பாளரைப் பார்த்துத் தன்னார்வலராகச் சேர்ந்துகொள்ளலாம். குழுவில் உட்காருகிறவருக்கு வாய்ப்பது அனுமதிப் பத்திரம், வரவு செலவு, ஆள் சம்பளம், கரண்டு பில். பெரும்பாலான தவறுகள் இதைப் புரிந்துகொள்ளாததில்தான் தொடங்குகின்றன.

முதலில், நீங்கள் நிற்க நினைக்கும் நிலையத்தில் தேர்தல் என்று ஒன்று உண்டா? சிரிக்காதீர்கள், இதைக் கேட்காமலே ஆதரவு திரட்டியவர்கள் இருக்கிறார்கள். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். கல்வி நிறுவனங்களுக்கு 2002இல் வழி திறந்தது; அப்படி வந்ததுதான் 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம். தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்றானது 2006இல். அதனால் ஒரு நிலையத்தின் உரிமையாளர் பல்கலைக்கழகமாக இருக்கலாம், அறக்கட்டளையாக இருக்கலாம், பதிவு பெற்ற சங்கமாகவும் இருக்கலாம். கல்லூரி நிலையத்தில் குழுவை நிர்வாகமே நியமிக்கும். அறக்கட்டளையில் பத்திரத்தில் எழுதியிருப்பதுதான் சட்டம். உறுப்பினர்கள் கூடி வாக்களிப்பது பொதுவாகச் சங்கத்தில்தான். அமெரிக்காவில் பெர்க்லி நகரில் 1949இல் தொடங்கிய கேபிஎஃப்ஏ நிலையத்தில் நன்கொடை கொடுக்கும் நேயர்களே வாக்குப் போட்டுக் குழுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அதைப் படித்துவிட்டு இங்கேயும் வானொலி கேட்கிற எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது என்று கிளம்பிவிடக் கூடாது.

சங்கம்தான் என்று உறுதியானால், உடனே வாங்கிப் படிக்க வேண்டியது துணைவிதி, அதாவது சங்கம் தனக்கென்று எழுதி வைத்திருக்கும் விதிகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போக முடியாது. பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மற்றதெல்லாம் துணைவிதியில்தான் இருக்கும்: எத்தனை நாள் உறுப்பினராக இருந்தால் நிற்கலாம், எத்தனை பேர் முன்மொழிய வேண்டும், சந்தா எந்தத் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும், நேரில் வராதவருக்கு ஓட்டு உண்டா இல்லையா.

அதிகம் பேர் விழுவது இந்தச் சந்தா விஷயத்தில்தான். நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு எவ்வளவு கறாராக இருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பக் கணக்கு; புள்ளிக்கு வரி, ஏட்டில் பேர். யார் உள்ளே, யார் வெளியே என்ற பேச்சே எழாது. வானொலிச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு அப்படி இருக்கும் என்று நம்பாதீர்கள். தொடக்க விழா அன்று உற்சாகத்தில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் சந்தாவை மறந்திருப்பார்கள். உங்களை முன்மொழிந்தவரே பாக்கிக்காரராக இருந்தால் வேட்புமனு பரிசீலனையிலேயே கதை முடிந்தது. போதாக்குறைக்கு நம் ஊர் இனிஷியல் வேறு. பதிவேட்டில் ‘ராம.’ என்று இருக்கும், ஆதாரில் ‘ஆர்.எம்.’ என்று இருக்கும், கையெழுத்தில் இரண்டும் இருக்காது. ஒரே பேரில் நாலு பேர் இருக்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. மனு போடுவதற்கு முன்பே பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, உங்கள் பேர், முன்மொழிபவர் பேர், வழிமொழிபவர் பேர் மூன்றையும் சந்தா ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், ஓட்டு யாரிடம் கேட்பது? செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பலவும் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் வருவார்கள். நன்கொடை கொடுத்து உறுப்பினரானவர்களில் அவர்கள்தான் அதிகம் என்பதால் வேட்பாளர்கள் வாட்ஸ்அப்பில் அவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். வானொலியைத் தினமும் கேட்கிறவரோ ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் சிமெண்ட் கலக்கிக்கொண்டிருப்பார், தறியில் கண்டாங்கி நெய்துகொண்டிருப்பார், நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார். அவர்களில் உறுப்பினராக இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் தேர்தல் அன்று கூட்டத்துக்கு நேரில் வருகிறவர்கள் அவர்கள்தான். தபால் ஓட்டோ பதிலாள் ஓட்டோ துணைவிதியில் இல்லை என்றால், கோலாலம்பூரிலிருந்து வரும் ‘வாழ்த்துகள் தம்பி’யால் ஒரு பயனும் கிடையாது.

வாக்குறுதிகளுக்கு வருவோம். இங்கேதான் நல்லவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள்.

“நான் வந்தால் தேவகோட்டையிலிருந்து கானாடுகாத்தான் வரைக்கும் நம் வானொலி கேட்கும்” என்று ஒருவர் சொல்வார். காரைக்குடிக்குத் தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று. சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் வெளிப்படு திறன் 100 வாட். மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியாக ஒப்புக்கொண்டால் 250 வாட் வரை போகலாம். ஆன்டெனா கம்பம் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் பத்து கிலோமீட்டர் தெளிவாகக் கேட்டாலே பெரிய காரியம். டவரை உயர்த்துவதும் பவரைக் கூட்டுவதும் குழுத் தீர்மானத்தால் ஆகிற வேலை இல்லை, டெல்லியில் ஆகிற வேலை.

“உள்ளூர்ச் செய்தி போடுவேன், கவுன்சிலரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பேன்” என்று இன்னொருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தி, நடப்பு அரசியல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி விதியில் இடமில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். இந்தத் தடை எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்க முடியாத உள்ளூர் வானொலி அரை வானொலிதான். ஆனாலும் விதி இருக்கிற வரை, மீறுவேன் என்று வாக்குக் கொடுக்கிறவர் நிலையத்தின் அனுமதியையே பணயம் வைக்கிறார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆச்சிகள் பக்கத்திலிருந்து வரும் கேள்வி எப்போதும் இப்படித்தான் இருக்கும்: “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, நாளைக்குக் கரண்டு எப்பப் போகும்னு முதநாளே சொல்ல ஏற்பாடு பண்ணுவீகளா?” மின்தடை, குடிநீர், மழை, போக்குவரத்து மாற்றம், தேர்வு முடிவு, திருவிழா அறிவிப்பு எல்லாம் செய்திக் கணக்கில் சேராது, தாராளமாகச் சொல்லலாம். ஆச்சிக்கு விதி தெரியாது, தேவை தெரியும். விதிக்குள் நின்றே செய்யக்கூடியதைத்தான் அவர் கேட்கிறார், வேட்பாளருக்கு அது காதில் விழுவதில்லை.

விளம்பரத்தால் வருமானத்தைக் கொட்ட வைப்பேன் என்பதும் அடிக்கடி கேட்கிற பேச்சு. 2024இல் திருத்தப்பட்ட விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம். அரசு விளம்பரத்துக்கு 10 வினாடிக்கு 74 ரூபாய். 12 நிமிடத்தில் 72 பத்து வினாடிகள். ஒரு மணி நேரம் முழுக்க நிரம்பினாலும் 5,328 ரூபாய்தான். எந்த மணி நேரமும் முழுக்க நிரம்பாது. அரசு விளம்பரம் வந்தாலும் பணம் உடனே வராது. உள்ளூரில் ஜவுளிக் கடைக்காரரிடம் தீபாவளிக்கு வாங்கலாம், பலகாரக் கடைக்காரரிடம் கல்யாண சீசனில் வாங்கலாம். மற்ற மாதங்களில் என்ன செய்வீர்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. போன மூன்று வருஷ ஐந்தொகையை, அதாவது பேலன்ஸ் ஷீட்டை, வாங்கிப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பார்த்தவர்கள் மேடையில் அடக்கமாகப் பேசுவார்கள்.

ஏற்கெனவே நிலையத்தில் நிகழ்ச்சி நடத்துகிறவர் குழுவுக்கு நின்றால் வேறொரு சிக்கல். குரல் ஊருக்கே தெரியும், அது நியாயமான பலம். ஆனால் காலை நிகழ்ச்சியில் “உங்கள் ஆதரவு எப்போதும் வேண்டும், வரும் ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதீர்கள்” என்று ஒரு வரி நுழைத்தால் போச்சு. ஒலிபரப்பான எல்லாவற்றையும் நிலையம் 3 மாதம் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். எதிர்த்து நிற்பவர் அந்தப் பதிவைத்தான் முதலில் கேட்பார். மனு போட்ட நாளிலிருந்து முடிவு வரும்வரை மைக்கை விட்டுத் தள்ளி இருப்பதுதான் சுத்தம். எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து நிலையமே அறிமுகம் செய்ய நினைத்தாலும், அது அரசியலாகாமல் இருக்கிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

கட்சிக்காரர் நிற்கலாமா என்று கேட்பார்கள். அரசியல் கட்சிக்கும் அதன் சார்பு அமைப்புக்கும் சமுதாய வானொலி அனுமதி கிடையாது. உறுப்பினர் ஒருவர் தனிப்பட்ட முறையில் ஒரு கட்சியில் இருப்பது வேறு, துணைவிதி தடுக்காத வரை நிற்கலாம். கரை வேட்டியோடு வந்து கட்சி வண்டியில் ஆள் இறக்கினால் மட்டும், ஜெயித்தாலும் அந்தக் குழுவின் மேல் விழுந்த சந்தேகம் போகாது. சாதி, வட்டகை (ஊர்த் தொகுதி), கோயில் பிரிவு சொல்லி ஓட்டுக் கேட்பதும் இதே வகைதான். நிர்வாகம் அந்தச் சமுதாயத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று 2006 கொள்கையே சொல்கிறது. ஒரு தெருவே குழு முழுக்க உட்கார்ந்தால் அது நடக்காது.

பெண்கள் விஷயத்தில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. என்ன ஒலிபரப்புவது என்று பார்க்கும் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2024 திருத்தம் சொல்கிறது. அது நிர்வாகக் குழுவுக்கான விதி இல்லை. ஆனாலும் அந்தக் காற்று இங்கும் அடிக்கும் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்காரம்மா பேரில் மனுப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் தானே எழுந்து பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாக்காளர்கள் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு ஓட்டை வேறு பக்கம் போட்டுவிடுகிறார்கள். சுய உதவிக் குழுக் கணக்கைப் பத்து வருஷம் எழுதிய ஒரு பெண் தானாக நின்றால், மேடைப் பேச்சு வராவிட்டாலும் இந்த ஆட்களையெல்லாம் விடப் பொருத்தமானவர்.

மைக் செட் கடை, ஜெனரேட்டர் வாடகை, கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருப்பவர்கள் நிற்கும்போது முன்னாலேயே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: நிலையத்துக்கு நான் பொருள் கொடுக்கிறேன், ஜெயித்தால் அந்த விலைப்புள்ளி பேசப்படும்போது எழுந்து வெளியே போய்விடுவேன் என்று. மற்றவர் கண்டுபிடித்துச் சொன்னால் இதே விஷயம் ஊழல் மாதிரி ஆகிவிடும்.

முடிவு வந்தபின் மாலை, பட்டாசு, பேனர் எல்லாம் ஆன கையோடு பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். புதிய குழு உறுப்பினர் விவரத்தைப் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அது நடக்காத வரை வங்கியில் கையெழுத்து மாற்றுவது இழுபறிதான். பழைய செயலாளரிடமிருந்து அனுமதி ஒப்பந்தம், அலைவரிசை உரிமம், சொத்துப் பட்டியல், கணக்குப் புத்தகம், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தோற்றவர் என்றால் வேறு யோசனை. ஜெயித்தவர்கள் உங்களை உள்ளடக்கக் குழுவுக்குக் கூப்பிட்டால் ரோஷப்பட்டு மறுத்துவிடாதீர்கள். மின்தடை அறிவிப்பு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று முடிவாவது அந்த மேஜையில்தான்.