பிரார்த்தனை போட்டோவின் மேல் வண்ணம்: முதல்முறை செய்பவர்களுக்கு

பக்தியான வீட்டில் வளர்ந்த பலரிடம், அந்த வளர்ப்பு எப்படி இருந்தது என்று கேட்டால் ஒரே பதில் இருக்காது. ஒரு பிரார்த்தனைப் பாட்டு காதில் விழுந்தால் மனசு இளகும். அதைப் பாடச் சொல்லி மிரட்டிய குரலும் கூடவே வரும். எழுத உட்கார்ந்தால் இது புகாராகவோ புகழ்ச்சியாகவோ முடிந்துவிடுகிறது. போட்டோவின் மேல் பெயிண்ட் பூசும்போது இரண்டுக்கும் ஒரே தாளில் இடம் கிடைக்கிறது: நடந்தது போட்டோவில் இருக்கும், அது நமக்கு என்னவாக இருந்தது என்பது பெயிண்டில் வரும்.

இது புதிய உத்தி இல்லை. ஆஸ்திரிய ஓவியர் ஆர்னுல்ஃப் ரெய்னர் 1950களிலேயே படங்களின் மேல் வண்ணம் பூசி மறைக்கத் தொடங்கினார். சிலுவை அவரிடம் திரும்பத் திரும்ப வந்த வடிவம். ஜெர்மனியின் கெர்ஹார்ட் ரிக்டர் சாதாரணக் குடும்பப் படங்களின் மேல் எண்ணெய் வண்ணத்தை இழுத்துப் பூசினார்.

1. படத்தைத் தேடுங்கள்

எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் விசேஷப் படம் வேண்டாம். கைகள் தெரியும் படமாகத் தேடுங்கள். கண்ணை மூடி நிற்கும் குழந்தை, அதன் தோளில் ஒரு பெரியவரின் கை என்று ஒரு படம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அந்தக் கை அணைக்கிறதா, அழுத்துகிறதா? எத்தனை முறை பார்த்தாலும் பதில் மாறிக்கொண்டே இருந்தால் அதுதான் உங்கள் படம்.

மூலப்படத்தின் மேல் கை வைக்காதீர்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

2. பிரிண்ட்

பளபளப்பில்லாத மேட் தாளில் மூன்று பிரதி எடுங்கள். வழவழப்பான தாளில் அக்ரிலிக் (தண்ணீரில் கரைத்துப் பூசும், காய்ந்தால் கரையாத பெயிண்ட்) சரியாகப் பிடிக்காது. லேசர் பிரிண்ட் தண்ணீரைத் தாங்கும். சாயத்தால் ஆன மையில் எடுத்த இங்க்ஜெட் பிரிண்ட் கரைந்துவிடும். ஈர விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கனமான அட்டையில் மேட் மீடியத்தை (அக்ரிலிக்கோடு கலக்கவும் ஒட்டவும் பயன்படும், நிறமில்லாத பளபளப்பற்ற திரவம்) பூசி, பிரிண்டை ஒட்டி, நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். காய்ந்ததும் மேலே மெல்லியதாக இரண்டு கோட் மீடியம். இந்தப் பூச்சு இருந்தால், பிடிக்காத வண்ணத்தைக் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

3. எதைத் தொடக்கூடாது?

பெயிண்டைத் திறக்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். ஒரு டிரேசிங் தாளைப் படத்தின் மேல் வைத்து, மறைக்கவே மனம் வராத இடத்தைப் பென்சிலால் வளையுங்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும் இடத்தைக் கோடிட்டு நிரப்புங்கள். இரண்டு குறியும் ஒரே இடத்தில், உதாரணமாக அந்தக் கையின் மேலேயே, விழுந்தால் அங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது.

4. வண்ணம்

அக்ரிலிக்கில் இரண்டு விதமாகப் பூசலாம். ஒரு பங்கு வண்ணத்துக்கு ஐந்தாறு பங்கு மீடியம் கலந்தால் கண்ணாடி மாதிரி பூச்சு வரும், அடியில் முகம் தெரியும். தேலோ நீலம், குயினாக்ரிடோன் சிவப்பு போன்ற ஒளி ஊடுருவும் வண்ணங்கள் இதற்கு நல்லவை. டைட்டேனியம் வெள்ளையைக் கெட்டியாகப் பூசினால் அடியில் இருப்பது மறையும்.

பாசத்துக்கு மெல்லிய பூச்சு, கோபத்துக்குக் கெட்டிப் பூச்சு என்றுதான் முதலில் தோன்றும். அப்படிப் பிரித்துவிட்டால் படம் தட்டையாகிவிடும் என்பது என் எண்ணம். மாற்றிப் பாருங்கள். பிடித்த முகத்தை வெள்ளையால் முழுக்க மூடி, பயமுறுத்திய உருவத்தின் மேல் இளஞ்சிவப்பை ஒளி ஊடுருவ விடுங்கள். மூடியது காப்பாற்றுவதற்கா, அழிப்பதற்கா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முயலாதீர்கள்.

ஒவ்வொரு பூச்சும் காயட்டும். அப்புறம் அடுத்தது.

5. சுரண்டுதல்

நன்றாகக் காய்ந்தபின் 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மறைந்த முகம் மங்கலாக மேலே வரும். விரல் நுனி, கண்ணிமை போன்ற சின்ன இடங்களுக்கு ஊசி. தூசியை மூச்சில் இழுக்காமல் இருக்க முகக்கவசம் போடுங்கள்.

இரண்டாவது பிரதியில், முதல் பிரதியில் மூடியதைத் திறந்தும் திறந்ததை மூடியும் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவதை எதுவும் பூசாமல் கூடவே மாட்டலாம், எனக்கு அப்படி மாட்டுவது பிடிக்கும்.

மற்றவர்களுக்குக் காட்டும் முன், படத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தத் தோளின் மேல் இருந்த கைக்கும் சொல்ல ஏதாவது இருக்கலாம்.