கலங்கின கிணற்றுத் தண்ணீரைத் தெளியவைக்க

மாரி பிடித்து வெள்ளம் ஏறினால் வன்னியில் கிணற்றுத் தண்ணீர் கலங்கிவிடும், இரவு முழுக்க வாளியில் வைத்தாலும் அடியில் கொஞ்சம் மணல்தான் படியும். கலக்கத்துக்குக் காரணமான களித்துகள் 2 மைக்ரோனுக்கும் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியது, அதோடு ஒவ்வொன்றின் மேலும் மறை (எதிர்) மின்னேற்றம். நன்றாகக் கிட்ட வந்தால் ஒட்டிக்கொள்ளும் ஈர்ப்பு அவற்றுக்கு உண்டு, ஆனால் ஒரே ஏற்றம் என்பதால் கிட்ட வரவிடாமல் ஒன்றையொன்று தள்ளும்.

தண்ணீரில் போடும் படிகாரம் தன் நேர் ஏற்றத்தால் அந்தத் தள்ளலைத்தான் அடக்குகிறது. ஆற்றுச் சேறு கடலின் உப்புத் தண்ணீரைத் தொட்டதும் திரண்டு படிவதும் இதே மாதிரித்தான், ஆனால் உப்பின் சோடியத்துக்கு ஒரு நேர் ஏற்றம், படிகாரத்தின் அலுமினியத்துக்கு மூன்று. அதனால் மிகக் கொஞ்சமே போதும்.

20 லீற்றர் வாளிக்கு ஒரு கிராம் அளவில் தொடங்குங்கள். முதலில் ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, அப்புறம் பத்து நிமிடமளவில் மெல்ல, மிக மெல்லச் சுற்றிவிடுங்கள், பஞ்சுத் துணுக்கு மாதிரித் திரள்வது கண்ணுக்கே தெரியும். அந்த நேரம் அடித்துக் கலக்கினால் திரள் உடைந்துவிடும். அளவு கூடினாலும் பிழைதான்: துகள்கள் நேர் ஏற்றத்துக்கு மாறி, திரும்பவும் தள்ளத் தொடங்கும்.

ஓரிரண்டு மணித்தியாலம் விட்டு, மேல்தண்ணீரை மட்டும் துணியில் வடித்தெடுங்கள். தெளிந்தாலும் கிருமி முழுக்கப் போகாது, கட்டாயம் கொதிக்கவைத்தே குடியுங்கள்.